சிறிய ஆஃப்-ரோடு ட்ரெய்லர் வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. அவரிடம் டொயோட்டா பிராடோ ஒன்று இருக்கிறது. வீட்டில் மனைவியும், 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகளும். வரும் ஜூலை விடுமுறைக்கு எங்கள் மாநிலத்து ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர், அடுத்த ஆண்டு பாலைவனத்தில் ஓடும் ஊட்நடாட்டா பாதை, முடிந்தால் அதற்கடுத்து வடமேற்கில் ஆறுகளைக் கடந்து போகும் கிப் ரிவர் சாலை என்று திட்டம் வைத்திருக்கிறார். “கேரவன் வேண்டாம், சின்னதாக ஒரு கேம்பர் ட்ரெய்லர் போதும். கரடுமுரடான பாதையில் போக அதில் என்னென்ன வசதி இருக்க வேண்டும்?” என்பதுதான் கேள்வி. கேம்பர் ட்ரெய்லர் என்றால் படுக்கை, அடுப்பு, கூடாரத்தோடு காரின் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வண்டி.

நானும் இதே ஊர்க்காரன்தான். 11 ஆண்டுகளாக ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு உள்நாட்டுப் பாதைகளில் சுற்றுகிறேன். முதலில் வாங்கியதை நாலு வருடத்தில் விற்றுவிட்டேன். இப்போது இருப்பது இரண்டாவது. முதல் ட்ரெய்லரை வாங்கும்போது கடையில் அடுப்பையும் மெத்தையையும் விளக்குகளையும் பார்த்தேன், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. கண்காட்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சமையல் மேடையை இழுத்துப் பார்க்கிறார்கள். உங்களை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவை தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் இரும்பும் ஸ்பிரிங்கும் பேரிங்கும்தான். அதனால் கீழே இருந்து மேலே போகிற வரிசையிலேயே சொல்கிறேன்.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது என்று முதலில் பேசிவிடுவோம். என் கணக்கில், எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு 1,500 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒற்றை அச்சு. காரைவிட அகலம் இருக்கக் கூடாது, காரைவிட உயரமாகவும் இல்லாவிட்டால் நல்லது. இந்த அளவில் இருந்தால் வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கும், மரக்கிளைக்குக் கீழே நுழையும். மணலில் கார் திணறாது. ஒரு குறுகலான பாதையில் எதிரே மரம் விழுந்து கிடந்தால், கழற்றிவிட்டு இரண்டு பேர் சேர்ந்து தள்ளித் திருப்பிவிடலாம். நான் இரண்டு முறை அப்படித் திருப்பியிருக்கிறேன். 2 டன் ட்ரெய்லராக இருந்தால் அது நடக்காது.

இப்போது எடை. எல்லா முடிவுகளும் இதில்தான் போய் நிற்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு ட்ரெய்லரிலும் ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதில் டேர் என்பது வெறும் ட்ரெய்லரின் எடை. ஏடிஎம் என்பது தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்கிற எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். என் முதல் ட்ரெய்லரில் டேர் 760, ஏடிஎம் 1,200. 440 கிலோ இருக்கிறதே, நாலு பேரின் துணிமணிக்கு எதற்கு அவ்வளவு என்று நினைத்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. 9 கிலோ காஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் உருளையின் எடையோடு 17, 18 கிலோ வரும். ஃபிரிட்ஜும் அதற்குள் இருக்கிறதும் 45. கூரைக் கூடாரத்தை நீங்களே பிறகு மாட்டினால் 60, 70. ஸ்டெப்னி ஒன்று 30-க்கு மேல், இரண்டு எடுத்துப் போனால் அது இரண்டு மடங்கு. பக்கத்தில் விரிக்கும் நிழல் துணி, கம்பிகள், முளைகள், நாற்காலி, மேசை, பிள்ளைகளின் சைக்கிள், கருவிப் பெட்டி, அரிசி, பருப்பு, பாத்திரம். முழுதாக ஏற்றிக்கொண்டு பொது எடை மேடைக்குப் போனபோது 1,290 காட்டியது. சட்டப்படி அது 90 கிலோ அதிகம். அதுபோக ஸ்பிரிங், டயர், பிரேக் எல்லாமே தாங்கவேண்டியதைவிட அதிகமாகத் தாங்கிக்கொண்டிருந்தன. அதனால் விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “டேர் எடையில் எதெல்லாம் சேர்த்தி?” என்பது. கூடுதலாக மாட்டித் தரும் பேட்டரி, கூடாரம், முன்பெட்டி எல்லாம் சில இடங்களில் அந்தக் கணக்கில் வராது. அவையெல்லாம் சேர்த்த டேருக்கு மேலும் உங்கள் குடும்பத்துக்கு 400 கிலோவாவது ஏற்ற இடமிருக்க வேண்டும். 450 என்றால் நிம்மதி.

பிராடோ 3,000 கிலோ இழுக்கும் என்பது உண்மைதான். 150 வரிசையின் பிற்கால ஆட்டோமேட்டிக் டீசல் வண்டிக்கு அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், பழையவற்றுக்கு எல்லை அதைவிடக் குறைவு. ஆனால் அது தார்ச்சாலைக்கான எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலிலும் சேற்றிலும் அதில் பாதியைத் தாண்டாமல் இருப்பதுதான் உங்களுக்கும் வண்டிக்கும் நல்லது. இதைப் படிக்கிற வேறு யாராவது சுசுகி ஜிம்னி வைத்திருந்தால், அதன் எல்லை பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 1,300 கிலோ, பிரேக் இல்லாததற்கு வெறும் 350. கையில் கார் இருக்கும்போது காருக்கேற்ற ட்ரெய்லர்தான் தேட வேண்டும்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், ட்ரெய்லர் அறுந்துகொண்டால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். நீங்கள் பார்க்கிற அளவுக்கு இரண்டு சக்கரத்திலும் 12 வோல்ட் மின்சார பிரேக் இருந்தால் போதும். காரில் அதற்கான கன்ட்ரோலர் பொருத்த வேண்டும். ட்ரெய்லர் முட்டும்போது தானாக அழுந்தும் பழைய மாதிரி பிரேக் ஆஃப்-ரோடுக்குச் சரிப்படாது. இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும்போது அது விட்டு விட்டுப் பிடிக்கும். மின்சார பிரேக்கில் சரளைச் சாலைக்கு வந்ததும் வேகத்தைக் குறைப்பதுபோல பிரேக்கின் பிடியையும் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது முன்பாரம். கட்டை வண்டியில் நெல் மூட்டை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கும். முன்னால் கூடினால் மாடு குனிந்துவிடும். ட்ரெய்லரிலும் அதே கதைதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் உட்கார வேண்டும். 1,300 கிலோவுக்குச் சுமார் 130. அதைவிட ரொம்பக் குறைந்தால் 90, 100 கி.மீ. வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது கடினம்.

கொக்கி எடை சரியாக வந்துவிட்டால் மட்டும் போதாது. பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். அப்போதுதான் தொட்டி காலியானாலும் சமநிலை அதிகம் மாறாது. சில மாதிரிகளில் பின்பக்கம் இரண்டு ஸ்டெப்னியையும் ஜெர்ரி கேன்களையும் தொங்கவிட்டு, அதைச் சரிக்கட்ட முன்னால் ஒரு பெரிய பெட்டி வைத்திருப்பார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் இரண்டு முனையிலும் குண்டு கட்டிய கம்புபோல அது ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிற்காது. கனமான சாமான் எல்லாம் நடுவில், தாழ்வாக இருக்கும்படி கட்டிய ட்ரெய்லரைத் தேடுங்கள்.

சரி, சஸ்பென்ஷனுக்கு வருகிறேன். ஊட்நடாட்டா பாதை மரீயிலிருந்து மார்லா வரை 600 கி.மீ.க்கும் கொஞ்சம் மேல். அதில் உங்களை வாட்டப்போவது குழிகள் இல்லை. தகரக் கூரைபோல வரிவரியாக, மைல் கணக்கில் ஓடும் மேடுபள்ளம். இங்கே அதை கோரகேஷன் என்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சக்கரம் ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் அடிக்கும். அந்த அடியை எல்லாம் ஷாக் அப்சார்பர் வெப்பமாக மாற்றுகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் சூடேறி நுரைத்துவிட்டால் ஷாக் வேலை செய்யாது. பிறகு சக்கரம் குதிக்கும், அடி நேராகச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் ஏறும். திருகுகள் தானாகக் கழன்று விழும், வெல்டு விரியும், ஃபிரிட்ஜின் கால்கள் உடையும்.

விலை குறைந்த ட்ரெய்லர்களில் லாரியில் இருப்பதுபோல லீஃப் ஸ்பிரிங்கும் குறுக்கே ஒரே அச்சும் இருக்கும். அதைத் தாழ்வாகச் சொல்ல மாட்டேன். எந்தக் கிராமத்து ஒர்க்‌ஷாப்பிலும் சரிசெய்வார்கள், ஒரு பட்டை முறிந்தாலும் கட்டுக்கட்டி ஊர்ந்து ஊர் சேரலாம். ஆனால் ஷாக் அப்சார்பர் இல்லாத லீஃப் ஸ்பிரிங் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் அதில் உள்ள ஒரே தடுப்பு, உங்கள் பாதைக்கு அது காணாது.

என் பரிந்துரை, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் ட்ரெய்லிங் ஆர்ம் (சக்கரத்தைப் பின்னால் தாங்கி மேலும் கீழும் அசையும் இரும்புக் கை), காயில் என்கிற சுருள் ஸ்பிரிங், பக்கத்துக்கு ஒரு நல்ல ஷாக். அச்சு குறுக்கே ஓடாததால் நடுவில் தரைக்கும் ட்ரெய்லருக்கும் இடைவெளி கூடும், பாறையில் இடிக்காது. இங்கே கவனிக்கவேண்டியது ஸ்பிரிங்கின் பலம். “3 டன் தாங்கும் சஸ்பென்ஷன்” என்று பெருமையாகச் சொல்வார்கள். 1,300 கிலோ ட்ரெய்லரில் 3 டன் ஸ்பிரிங் போட்டால் அது அமுங்கவே அமுங்காது, பந்துபோலத் துள்ளும். ஏற்றிய எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் வேண்டும். நின்றிருக்கும் ட்ரெய்லரின் பின்மூலையில் முழு எடையையும் போட்டு அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி, ஒரே தடவையில் மேலே வந்து நின்றால் நல்லது. அசையாமல் கல்லாக இருந்தாலும் ஊஞ்சலாக ஆடினாலும் யோசியுங்கள்.

சஸ்பென்ஷனில் பாதி வேலையை டயரே செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருந்தால், சரளையில் 24-க்கு இறக்குவேன். மணலில் 16 அல்லது 18. ட்ரெய்லர் காரைவிட எடை குறைவு என்பதால் காருக்கு வைப்பதைவிடக் குறைவாக வைத்தாலும் தாங்கும். காற்றை இறக்கினால் வேகத்தையும் இறக்க வேண்டும், 60, 70-க்கு மேல் போகக் கூடாது. பாதி உடைசலுக்குக் காரணம் அவசரம்.

சக்கரங்கள் காரின் சக்கரங்களே ஆக இருக்க வேண்டும். அதே அளவு டயர், அதே போல்ட் அமைப்பு. பிராடோவுக்கு ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம். பெரும்பாலான ஆஃப்-ரோடு ட்ரெய்லர்களை அதே அளவில் கேட்டு வாங்கலாம். அப்போது உங்களிடம் இருக்கும் ஸ்டெப்னி காருக்கும் ஆகும், ட்ரெய்லருக்கும் ஆகும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலமும் காரோடு ஒத்துப்போவது மணலில் பெரிய உதவி. கார் அழுத்திவிட்டுப் போன தடத்திலேயே ட்ரெய்லர் உருளும். அகலம் மாறினால் அது தனக்கென்று புதிதாக இரண்டு தடம் வெட்டிக்கொண்டு வரும், அந்த உழைப்பு முழுக்க உங்கள் எஞ்சின் தலையில்.

பேரிங்கை யாரும் கேட்பதே இல்லை. நான் தவறாமல் கேட்பது அதைத்தான். எந்த நாட்டில் செய்த ட்ரெய்லராக இருந்தாலும், அதிலிருக்கும் பேரிங் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் அளவா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் மாதிரி, ஃபோர்டு மாதிரி என்று சொல்லும் இரண்டு வகை எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். கூபர் பீடியில் ஒருவர் தன் ட்ரெய்லருக்கு அளவு பொருந்தாத பேரிங் ஒன்றுக்காக ஐந்து நாள் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் எப்போதும் ஒரு ஜோடி புதுப் பேரிங்கும் சீலும் கிரீஸும் கையில் வைத்திருப்பேன். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் புறங்கையை ஹப் (பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. கிப் ரிவர் சாலையில் வரும் பென்டகோஸ்ட் ஆறு மாதிரி ஓடும் தண்ணீரைக் கடக்கும் முன்னால் பத்து, பதினைந்து நிமிடம் நின்று போங்கள். சூடான ஹப் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, 500 கி.மீ. தள்ளித் தெரியும்.

காரும் ட்ரெய்லரும் இணையும் இடத்துக்குச் சாதாரண 50 மி.மீ. உருண்டைக் கொக்கி போதாது. கார் ஒரு பள்ளத்தில் இறங்கிச் சாய, ட்ரெய்லர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அந்தக் கொக்கி ஓர் அளவுக்கு மேல் முறுக்கிக்கொடுக்காது. மூன்று திசையிலும் தாராளமாகத் திரும்பும் கப்ளிங் வேண்டும். க்ரூஸ்மாஸ்டரின் டிஓ35 இங்கே நிறையப் பேர் பயன்படுத்துவது, என்னிடமும் அதுதான். காரில் நிற்கும் பின்னின் மேல் கப்ளிங்கை இறக்கினால் பூட்டிக்கொள்ளும். ரப்பர் மாதிரி பாலியூரித்தேன் கட்டை வைத்த கப்ளிங்குகளும் நல்லவை, ஆனால் அவற்றில் துளைகளை நேராகப் பொருத்திக் குறுக்கே முள் செருக வேண்டும். சமதரையில் சுலபம், சாய்ந்த இடத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்போது பொறுமை வேண்டும்.

டிராபார் என்கிற முன்நீட்டுச் சட்டத்தில் இரண்டு விஷயம். நீளமாக இருந்தால் ரிவர்ஸ் எடுப்பது சுலபம். குட்டையான ட்ரெய்லர், கண்ணாடியில் தெரிவதற்குள் மடங்கிவிடும். இரண்டாவது, அந்தச் சட்டம் பெட்டியின் முன்சுவரோடு நின்றுவிடாமல் அடியில் சஸ்பென்ஷன் மாட்டும் இடம்வரை ஓட வேண்டும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சுவருக்கு அடியில் டிராபாரின் மேல்பரப்பிலோ கீழ்பரப்பிலோ குறுக்காக ஒரு வெல்டு ஓடினால் அங்கேதான் பிற்பாடு விரிசல் வரும். வெல்டு நீளவாக்கில், பக்கவாட்டில் இருப்பது நல்லது. என் முதல் ட்ரெய்லரில் சரியாக அந்த இடத்தில்தான் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. ஃப்ளிண்டர்ஸில் உள்ள பிளின்மன் ஊருக்குப் போகிற வழியில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அன்றைக்கே திருப்பிக்கொண்டு 30 கி.மீ. வேகத்தில் வந்தோம். கறுப்புப் பெயின்ட் அடித்த சட்டத்தைவிட, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டத்தையே எடுங்கள். கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடமெல்லாம் துரு ஏறும், கடற்கரை மணலுக்குப் போனால் இன்னும் வேகமாக.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊட்நடாட்டா பாதையின் சிவப்பு மண் மாவுபோல இருக்கும். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் தூசி அங்கேயே சுழன்று நிற்கும், ட்ரெய்லர் நாள் முழுக்க அந்த மேகத்துக்குள்ளேயே வருகிறது. எங்கள் முதல் பயணத்தில் அந்தப் பாதையில் உள்ள கோவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், மூடிவைத்த அரிசி டப்பாவின் மரைக்குள்கூட மண். மெத்தையில் விரலால் பெயர் எழுதலாம். சின்னவளுக்கு இரவெல்லாம் இருமல். அதற்குப் பிறகுதான் கதவு ரப்பரின் மேல் எனக்குக் கவனம் வந்தது.

கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் உள்ளே காற்றுக் குமிழ் உள்ள பருத்த வகையாக இருக்க வேண்டும், மூலைகளில் வெட்டி ஒட்டாமல் வளைந்து போக வேண்டும், பூட்டு அதை நன்றாக அமுக்க வேண்டும். சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இருட்டிய பிறகு உள்ளே பிரகாசமான விளக்கைப் போட்டுக் கதவை மூடி, வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் தூசி நுழையும் வழி. ரப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே வெற்றிடம் உண்டானால் எங்கிருந்தாவது இழுத்துக்கொள்ளும். அதனால் கூரையின் முன்பக்கம், தூசி குறைந்த உயரத்தில், வடிகட்டியோடு ஒரு காற்றுத் திறப்பு வைத்து, ஓடும்போது வரும் காற்று உள்ளே அழுத்தம் கொடுக்கும்படி செய்கிறார்கள். இந்த வசதி உள்ள ட்ரெய்லருக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம். நான் கொடுத்தேன், வருத்தமே இல்லை.

கல் அடியும் தூசியின் கூடப்பிறந்தது. காரின் பின்சக்கரம் எறியும் கல் ட்ரெய்லரின் முன்சுவரில் பட்டுத் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியை உடைக்கும். இங்கே நிறையப் பேருக்கு நடக்கிறது. முன்சுவர் நேர்ச்சுவராக இல்லாமல் சாய்ந்திருந்தால் கல் காரின் பக்கம் திரும்பாமல் விலகித் தெறிக்கும். இல்லாவிட்டால் காருக்கும் டிராபாருக்கும் நடுவே கட்டும் வலைத்துணி ஒன்று வாங்கிவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கும் அதே கல்தான் எதிரி. அடியில் இருக்கும் தொட்டிக்கு முழுத் தகட்டுக் கவசம் வேண்டும். தொட்டியைவிட அதன் குழாயும் வடிகால் குமிழும்தான் முதலில் உடையும், அவையும் மறைவில் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ ஒரு நாளைக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 80 லிட்டர் இரண்டரை நாள் வரும். அதற்குமேல் 20 லிட்டர் கேன் இரண்டு தனியாக எடுத்துப் போங்கள். தொட்டி ஓட்டையானால் அதுதான் உங்கள் குடிநீர். மின்சார பம்ப் இருக்கட்டும், கூடவே கையால் அடிக்கும் பம்ப் ஒன்றும் இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் அளவாகப் போனால் போதும். 40, 50 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வெயில் நாளில் 35 முதல் 50 ஆம்பியர்-மணி வரை எடுக்கும். விளக்கு, பம்ப், போன் எல்லாம் சேர்த்து 55, 60. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று வெயில் இல்லாமலே ஒன்றரை நாள் தாங்கும். பழைய ஏஜிஎம் என்கிற ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், எடையோ இரண்டு மடங்குக்கு மேல். மேலே 200 வாட் சோலார், ட்ரெய்லருக்குள்ளேயே பேட்டரி பக்கத்தில் ஒரு டிசி-டிசி சார்ஜர் (காரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது), காரிலிருந்து தடித்த கேபிளும் அதிக மின்னோட்டம் தாங்கும் ஆண்டர்சன் பிளக்கும். கேபிள் மெலிந்தால் காரில் 14 வோல்ட் இருந்தாலும் பின்னால் போய்ச் சேரும்போது 12-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இன்னொன்று, லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஜூலையில் ஃப்ளிண்டர்ஸில் விடியற்காலை அந்தக் குளிர் வரலாம். நல்ல பேட்டரி தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். காலையில் சார்ஜ் ஏறவில்லை என்றால் பதறாமல் வெயில் வரும்வரை பொறுங்கள்.

படுக்கை விஷயத்தில்தான் உங்கள் குடும்பத்தின் முடிவு என்னுடையதிலிருந்து மாறலாம். கண்ணீர்த்துளி வடிவத்தில் இரண்டு பேர் படுக்கும் பெட்டி ட்ரெய்லர் அழகானது, வந்து சேர்ந்ததும் கதவைத் திறந்து படுத்துவிடலாம், ஆனால் பிள்ளைகளுக்குத் தனிக்கூடாரம் அடிக்க வேண்டும். தரையில் துணி விரியும் மாதிரி இடம் தாராளம், எடை குறைவு, விலையும் குறைவு. விரித்து முளையடித்து முடிக்க முக்கால் மணி நேரம். மூடியே திரும்பிக் கவிழ்ந்து தரையாகும் ஹார்ட் ஃப்ளோர் மாதிரி பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடும், எடை கூடும். நீங்கள் ஒவ்வொரு நாளும் இடம் மாறிப் போகும் பயணம் என்பதால், இறுக்கமான அளவில் ஒரு ஹார்ட் ஃப்ளோரும், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இணைப்பு அறையும்தான் என் யோசனை. ஜூலையில் அங்கே மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருட்டில் முக்கால் மணி நேரம் கம்பி மாட்டுவது யாருக்கும் வேண்டாம்.

துணி கனமான பருத்தி-பாலியெஸ்டர் கேன்வாஸாக இருக்கட்டும். புதிதாக வாங்கியதும் வீட்டு முற்றத்தில் விரித்து, தண்ணீர் பீய்ச்சி நனைத்து, நன்றாகக் காயவிட்டு, இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். நூல் ஊறிப் பருத்துத் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும், அப்புறம் மழையில் சொட்டாது. ஈரத்தோடு மடித்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று இப்போதே யோசியுங்கள்.

சமையல் மேடைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடப்பக்கம், சாலையை விட்டு விலகிய பக்கத்தில் திறக்க வேண்டும். மூன்று பக்கமும் காற்றுத்தடுப்பு. குக்கர் வைத்தால் ஆடாத அடுப்பு. இழுப்பறைகள் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ள வேண்டும், சரிவான இடத்தில் அடுப்போடு தானாக நகர்ந்து வரும் மேடையைப் பார்த்திருக்கிறேன். காஸ் சிலிண்டர் வெளியே, டிராபாரில். டிவி, ஐஸ் மெஷின், பத்து நிற விளக்கு இவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை ஷாக்குக்கும் டயருக்கும் கொடுங்கள்.

வாங்கும் முன்னால் நீங்கள் விரும்பும் வகையில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு வார இறுதி போய்வாருங்கள். ஃப்ளிண்டர்ஸில் உள்ள பிராகினா பள்ளத்தாக்கு வழியாகப் போகும் சரளைப் பாதை அதற்குப் பொருத்தம், கல், ஓடைப்படுகை, கோரகேஷன் எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும். மனைவியும் நீங்களும் மாறி மாறிக் கழற்றி மாட்டிப் பாருங்கள், ஒருவர் தனியாகச் செய்ய முடிகிறதா என்று. பிறகு கடைக்குப் போகும்போது ஒரு பழைய பாயும் டார்ச்சும் அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். பாயை விரித்து அடியில் படுத்துப் பார்க்கிறேன் என்று சொன்னால் நல்ல தயாரிப்பாளர் தானும் பக்கத்தில் படுத்து, எது எங்கே போகிறது என்று காட்டுவார். என் இரண்டாவது ட்ரெய்லரை விற்றவர் அப்படித்தான் செய்தார், அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

எந்த மாதிரி என்று முடிவுக்கு வந்ததும் டேர், ஏடிஎம், கொக்கி எடை மூன்றையும் எழுதுங்கள், பிராடோவில் ஏற்கனவே என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து. காரும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஓர் எல்லை உண்டு. முன்பக்க புல் பார், வின்ச், கூரைத் தாங்கி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். உட்கார்ந்து கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.